மதர்போர்டை மாற்றும் முன் அந்த மஞ்சள் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: என் டெஸ்க்டாப் 2017-இல் வாங்கியது. ஐ5-7400 பிராசசர், எச்110 மதர்போர்டு, 8 ஜி.பி. ரேம் ஒன்று, 1 டி.பி. ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் கொடுக்கும் பெட்டி). நான்கு மாதம் முன்பு ஆர்.எக்ஸ். 580 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டேன். அதற்கு வேண்டிய 8 பின் ஒயர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரில் ஓர் அடாப்டர் மாட்டிக் கொடுத்தார்கள். கேம் ஆடினாலும் வீடியோ ரெண்டர் செய்தாலும் பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று வருகிறது. இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால், காலையில் இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் திரை வருகிறது. தேதியும் பின்னால் போய்விடுகிறது. ஹார்டு டிஸ்க் எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்கிறது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மஞ்சள் எச்சரிக்கை வேறு. பார்த்தவர், “மதர்போர்டு போச்சு, மொத்தமா மாத்திடுங்க” என்கிறார். 9-ஆம் தலைமுறை ஐ5 ஒன்று பழையதாகக் கிடைக்கிறது, அதுவும் 1151 சாக்கெட்தான். அதை வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இவ்வளவு விவரமாக யாரும் எழுதுவதில்லை. அந்த அடாப்டரைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் எங்கெங்கோ தேடியிருப்பேன்.

கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில், இந்தக் கார்டோடு இனி மெஷினை ஆன் செய்யாதீர்கள். சுவரில் பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், கேபினெட்டைத் திறந்து கார்டையும் அடாப்டரையும் கழற்றி ஓரமாக வையுங்கள். ஸ்லாட்டின் கடைசியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அதை அமுக்கினால்தான் கார்டு வெளியே வரும், இழுத்துப் பார்க்காதீர்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்பக்கமே மாட்டிக்கொள்ளலாம். ஐ5-7400-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, படம் வரும். அப்படி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் போட்டோ, வீடியோ, கணக்கு எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுப்பது. மற்ற சோதனைகளெல்லாம் அது முடிந்த பிறகு.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அந்த மஞ்சள் எச்சரிக்கை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 05, சி5 என்று இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் தானே கைவிட்டு, மாற்று இடம் கொடுத்துவிட்ட செக்டார்களின் (தகவலை எழுதும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல், ‘இதை என்ன செய்யலாம்’ என்று நிறுத்தி வைத்திருப்பவை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பட்டென்று போனாலும் செக்டார் பாதியில் நின்று சி5 கணக்கில் ஏறிவிடும். உங்கள் மெஷின் நான்கு மாதமாக அப்படித்தான் அணைந்துகொண்டிருக்கிறது. ஆகவே டிஸ்க் தேய்ந்ததாகவும் இருக்கலாம், அடிபட்டதாகவும் இருக்கலாம். 05 பூஜ்ஜியமாக நின்று சி5-இல் மட்டும் சில இருந்தால் அடிபட்டது என்று நம்ப இடமுண்டு; மறுபடி எழுதும்போது அவை சரியாகிவிடவும் கூடும். 05 வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கில் இனி முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

சரி, இப்போது நோய்க்கு வருவோம். நீங்களும், மெஷினைப் பார்த்தவரும் எல்லாத் தொல்லைக்கும் ஒரே காரணம் என்று எடுத்துக்கொண்டீர்கள். திடீரென்று அணைவது, காலையில் கிளம்ப மறுப்பது, தேதி மாறுவது, மந்தம் என்று நான்கும் சேர்ந்து வந்தால் யாருக்கும் மதர்போர்டு மேல்தான் சந்தேகம் போகும். எல்லாமே அதில்தானே மாட்டியிருக்கிறது! ஆனால் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் மதர்போர்டை விட எளிய காரணம் இருக்கிறது.

அணைவதிலிருந்து தொடங்குகிறேன். ஆர்.எக்ஸ். 580 முழு வேகத்தில் சுமார் 185 வாட் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். மிச்சம் 110 வாட் மேலே குத்தும் ஒயர் வழியாக வர வேண்டும். முறையான 8 பின் ஒயர் 150 வாட் வரை கொடுக்கும். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். ஆக 4.5 ஆம்பியர், 54 வாட். அதற்குமேல் அது தாங்கும்படி செய்யப்பட்டதே அல்ல. 54 வாட்டுக்கான வாசல் வழியாக 110 வாட்டை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கழற்றும்போது அந்தச் சாட்டா பிளக்கை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தட்டையான கறுப்பு பிளாஸ்டிக்கின் ஓரம் பழுப்பேறி லேசாக வளைந்திருக்கும். உள்ளே இருக்கும் தகடுகளில் மூன்று மட்டும் பளபளப்பு போய் நீலமும் கறுப்புமாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை வரும். 12 வோல்ட்டைக் கொண்டுவரும் மஞ்சள் ஒயரைத் தொட்டால் மற்ற ஒயர்களை விட விறைப்பாக இருக்கும், சூட்டில் மேலுறை இறுகிப்போயிருக்கும். இந்த நிலையில் என் மேஜைக்கு வந்த பிளக்குகள் கொஞ்சமல்ல. உங்களுடையது இன்னும் அந்த அளவுக்குப் போயிருக்காது என்று நம்புகிறேன். போயிருந்தாலும் போகாவிட்டாலும் அந்த அடாப்டர் குப்பைக்குத்தான். தீப்பிடிக்கக்கூடிய விஷயம், அதனால்தான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அடுத்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 என்று இருக்கும், அதை விடுங்கள். கீழே ஒரு கட்டத்தில் 3.3, 5, 12 என்று வோல்ட்டும் அதற்கு நேரே ஆம்பியரும் போட்டிருக்கும். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போவது 12 வோல்ட். அதற்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். அவ்வளவுதான் அதன் உண்மையான பலம். உங்கள் பிராசசர் 65, கார்டு 185. இரண்டும் சேர்ந்தே 250-ஐத் தொட்டுவிட்டன. டிஸ்க், ஃபேன் எல்லாம் இன்னும் சேரவில்லை. நல்ல 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்றால் அந்த இடத்தில் 34, 35 ஆம்பியர் மாதிரி இருக்கும். 12 வோல்ட்டில் இரண்டு வரிசை காட்டியிருந்தால் அவற்றை அப்படியே கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று தனியாக ஓர் எண் இருக்கும், அதையே பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.1 காட்டுகிறது, எஸ்.எம்.பி.எஸ். நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். மெஷின் சும்மா இருக்கும்போது எந்த மட்டமான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் 12 காட்டும். விதிப்படி 11.4-இலிருந்து 12.6 வரை போகலாம். கேம் ஓடும்போது ஒரு கணத்தின் சிறு பகுதிக்கு 11.4-க்குக் கீழே இறங்கி ஏறினால் மீட்டர் அதைப் பிடிக்காது, மதர்போர்டு பிடித்துவிடும், உடனே ரீஸ்டார்ட். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையும் இப்படித்தான். செத்துவிட்டதா என்பதைச் சொல்லும், சுமை தாங்குமா என்பதைச் சொல்லாது.

‘கெர்னல் பவர் 41’ என்பதை வைத்து யாராவது மதர்போர்டு என்று சொன்னால் ஏற்காதீர்கள். கடைசி முறை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்று விண்டோஸ் அடுத்த முறை எழுந்தபின் எழுதி வைக்கும் குறிப்பு அது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதேதான் எழுதும்.

சூட்டினால் அணைகிறதோ என்றும் நீங்கள் நினைக்கலாம். உங்கள் பிராசசரின் எல்லை 100 டிகிரி. அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் இழுக்கும், திணறும், அதற்கப்புறம்தான் அணையும். திணறலே இல்லாமல் பட்டென்று போவது பெரும்பாலும் கரண்ட் விவகாரம்.

எனக்கும் இதில் ஒரு பழைய காயம் உண்டு. வீடியோ எடிட் செய்யும் ஒருவர், ரெண்டர் பாதியில் அணைகிறது என்று மெஷினைக் கொண்டுவந்தார். ரேமை மாற்றினேன், நிற்கவில்லை. மதர்போர்டில் சந்தேகம் வந்து அதையும் மாற்ற வைத்தேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே மாதிரி அணைந்தது. கடைசியில் மேஜையில் இருந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒயர் மட்டும் குத்தி, ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடவிட்டேன். காலையில் ஃபைல் முடிந்து நின்றது. மாற்றிய போர்டுக்கான பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்த ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குத்திப் பார்க்காமல் எந்த மதர்போர்டையும் போய்விட்டது என்று சொல்வதில்லை. உங்களுக்குப் பார்த்தவரிடமும் இதை மட்டும் கேளுங்கள்: வேறு எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பார்த்தீர்களா?

காலைத் தகராறும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் முடியும். மெயின் சுவிட்சை அணைத்த இரவுக்குப் பிறகுதான் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல துப்பு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் திரவம் உண்டு. வருஷக்கணக்கில் சூட்டில் இருந்தால் அது வற்றும். வற்றிய கெப்பாசிட்டர் குளிர்ந்து கிடந்தால் முதல் தடவையிலேயே வேண்டிய அளவு கொடுக்காது. இரண்டு மூன்று முறை தட்டிச் சூடேறினால் கொடுக்கும். சுவிட்சை அணைக்காமல் விட்டால் உள்ளே ஒரு சின்ன மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருப்பதால் குளிராது. அதற்காக அதைத் திறந்து கெப்பாசிட்டரைப் பார்க்கலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

தேதி மாறுவதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி. சிஆர்2032 என்று பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சுவரில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் அதில் ஓடிவிடும், இரவில் அணைத்தால்தான் இந்தப் பேட்டரி வேலை செய்ய வேண்டும். எட்டு வருஷம் உழைத்ததே பெரிது. பயாஸ் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) செட்டிங்கைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் இருக்கும் உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் பேட்டரி எகிறி வரும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். சில போர்டுகள் இந்தப் பேட்டரி தீர்ந்தாலே கிளம்ப மறுக்கும், ஆகவே எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள், காலைத் தகராறு இதிலேயே தீர்ந்தாலும் தீரலாம்.

கேபினெட் திறந்திருக்கும்போதே ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஃபேன் சுற்றும், திரை வராது என்கிற பாதித் தொல்லைகள் இதிலேயே போய்விடும். பிறகு ஓர் இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ரேமைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

இத்தனையும் செய்து, கார்டு இல்லாமல் இரண்டு நாள் ஓட்டுங்கள். வீடியோ ரெண்டர் கொடுங்கள்; மெதுவாக ஆகும், ஆகட்டும். அணையவில்லை என்றால் மதர்போர்டைக் குறை சொல்ல இடமில்லை. கார்டே இல்லாமலும் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ். இன்னும் மோசம் என்று அர்த்தம். புதியது போட்டும் கார்டு இல்லாமல் அணைந்தால் மட்டும் மதர்போர்டைப் பற்றிப் பேசலாம். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

இப்போது உங்கள் கேள்வி. அந்த 9-ஆம் தலைமுறை பிராசசரை வாங்காதீர்கள். சாக்கெட் 1151 என்பது உண்மை, உட்காரவும் உட்காரும். ஆனால் இன்டெல் 8, 9-ஆம் தலைமுறைகளுக்குப் பின்களின் பயன்பாட்டை மாற்றிவிட்டது. அவற்றுக்கு 300 வரிசை போர்டு வேண்டும். எச்110 என்பது 100 வரிசை, 6, 7-ஆம் தலைமுறைகளோடு அதன் எல்லை முடிந்தது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். உங்கள் போர்டில் போகக்கூடிய பெரிய மாற்றம் ஐ7-7700 தான். அதே நான்கு கோர், ஆனால் எட்டு திரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை. ரெண்டருக்கு நன்றாகவே உதவும். நல்ல விலைக்குப் பழையது கிடைத்தால் வாங்கலாம், தேடி அலைய வேண்டாம்.

பணத்தைப் போட வேண்டிய இடம் எஸ்.எம்.பி.எஸ். பிராசசர், கார்டு, மற்றவை எல்லாம் சேர்த்து உங்களுக்கு 300 வாட் வருகிறது. கார்டுகள் கண நேரத்துக்குச் சராசரியை விட மிக அதிகமாக இழுக்கும், அதனால் 550 வாட் எடுங்கள். 80 பிளஸ் முத்திரை இருக்கட்டும். அது மின்சாரம் வீணாகாத அளவைத்தான் சொல்கிறது, தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. அதனால் 12 வோல்ட் ஆம்பியரையும் வாரண்டி எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 6+2 என்று பிரியும் ஒயர் கார்டுக்கு, 4+4 என்று பிரியும் ஒயர் பிராசசருக்கு. இரண்டும் எட்டுப் பின்தான், ஆனால் ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும். பலவந்தமாகக் குத்தினால் போர்டோ கார்டோ போய்விடும். ஒயர்கள் தனியாகக் கழலும் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். என்றால் அதோடு வந்த ஒயர்களை மட்டுமே போடுங்கள். வேறு மாடலின் ஒயர் அப்படியே பொருந்தும், உள்ளே வரிசை வேறாக இருந்து டிஸ்க்கை எரித்துவிடும்.

அப்புறம் எஸ்.எஸ்.டி. உங்கள் மந்தத்துக்குப் பிராசசர் காரணமே அல்ல. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட் எடுக்கிறது. தேடும் செக்டார் தலைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் தலை இடம் நகர வேண்டும். விண்டோஸ் சிறு சிறு ஃபைலாக ஆயிரக்கணக்கில் கேட்கும்போது இந்தக் காத்திருப்புதான் 100 சதவீதமாகத் தெரிகிறது. சாட்டா எஸ்.எஸ்.டி. போதும், நொடிக்கு 550 எம்.பி. கொடுக்கும், சுழல எதுவும் இல்லை. எம்.2 ஸ்லாட் இருந்தால், அது என்.வி.எம்.இ. என்ற வேகமான வகையை ஏற்குமா, சாட்டா வகை மட்டுமா என்று போர்டின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய டிஸ்க்கில் எச்சரிக்கை இருப்பதால் அப்படியே நகலெடுக்கும் குளோன் வேண்டாம், விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள். ஹார்டு டிஸ்க், மறுபடி கிடைக்கக்கூடிய ஃபைல்களை வைக்க இருக்கட்டும்.

மூன்றாவதாக இன்னொரு 8 ஜி.பி. ரேம், டி.டி.ஆர்.4 2400. ஒன்றோடு இரண்டாவது சேர்ந்தால் இரட்டைச் சேனலாகி, நொடிக்கு 19.2 ஜி.பி. என்ற பாதை 38.4 ஆகிவிடும்.

இதற்கு மேல் இந்த மெஷினில் செலவு வேண்டாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கிறது. சுற்றுவழியில் போடலாம், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. உங்கள் வேலைக்கு லினக்ஸ் ஒத்துவந்தால் இந்த மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும். நாளைக்கு புதுசு வாங்கினாலும் எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எஸ்.டி., கேபினெட் மூன்றும் கூடவே வரும். டி.டி.ஆர்.5 போர்டு எடுத்தால் ரேம் வராது, பிராசசர் எப்படியும் வராது. அதனால்தான் வரிசையை இப்படிச் சொன்னேன்.

கார்டைப் பற்றி ஒன்று. கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை ஈட்டும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது ஏராளமான ஆர்.எக்ஸ். 580-கள் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங்குக்காகச் சில கார்டுகளுக்குள் இருக்கும் பயாஸை மாற்றியிருப்பார்கள். புதிய எஸ்.எம்.பி.எஸ். போட்ட பிறகு மெஷின் அணையாமல், படம் மட்டும் கறுத்துப்போனாலோ டிரைவர் பிழை வந்தாலோ அதைச் சந்தேகியுங்கள். சில மாடல்களில் கார்டின் மேல்விளிம்பில் சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். மெஷினை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளினால் இரண்டாவது பயாஸ் வரும். கார்டின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள், இத்தனை வருஷத்தில் காய்ந்து பொடியாகியிருக்கும்.

கழற்றிய பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை, ‘ஓடத்தானே செய்கிறது’ என்று வேறு யாருடைய மெஷினுக்கும் கொடுத்துவிடாதீர்கள். லேபிள் மேல் மார்க்கரில் ‘பழுது’ என்று எழுதி மின்கழிவில் சேர்த்துவிடுங்கள். அந்த 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் போட்டிருந்தது, கார்டு இல்லாத இரண்டு நாளில் என்ன ஆனது, 05-உம் சி5-உம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். ஆம்பியர் நான் நினைத்ததை விட அதிகமாக இருந்தால், மேலே சொன்ன வரிசையில் ஒன்றிரண்டை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.